ஏழு காய்க்குக் கொடுத்த வாக்கு

மரக்காணம் உப்பளத்தில் கொளஞ்சியம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆள் குள்ளம், குரல் மட்டும் நெட்டை. பத்துப் பாத்தி தள்ளி நிற்கிறவளைக் கூப்பிட அவள் கையைத் தட்ட வேண்டியதே இல்லை. பதினாறு வயதில் கல்யாணமாகி வந்த மறுமாதமே உப்பு வாரும் பலகையைக் கையில் எடுத்தவள். இருபத்தாறு வருஷமாக வாருகிறாள். பாத்தித் தண்ணீரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் போதும், இன்னும் எத்தனை நாளில் உப்பு இறங்கும் என்று சொல்லிவிடுவாள். அவள் கணக்கு ஒரு நாள் முன்னே பின்னே ஆகியிருக்கலாம், இரண்டு நாள் தப்பியதில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். வாய் முதலில் கிளம்பிவிடும், புத்தி அடுத்த பஸ்ஸைப் பிடித்துத்தான் வந்து சேரும். 2005 வைகாசியில் மகள் அமுதவல்லிக்குக் கல்யாணம் நடந்தபோதும் அப்படித்தான் ஆயிற்று.

மாப்பிள்ளை பிரபாகரன் இடையஞ்சாவடிக்காரன். பக்கத்தில் ஒரு மரப்பட்டறையில் வேலை. தங்கமான பையன், அதிர்ந்து பேசமாட்டான். அவனுக்கும் சேர்த்துப் பேச அவன் அம்மா தெய்வநாயகி இருந்தாள். அவர்கள் வீட்டுத் தோட்டம் செம்மண். வெறும் குச்சியை நட்டாலும் துளிர்க்கும் மண். மறுவீட்டு விருந்துக்குப் போன பெண் வீட்டாரை அந்த அம்மாள் உட்காரக்கூட விடவில்லை. தோட்டத்தைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் தண்ணீரே கொடுத்தாள். பந்தியிலும் ஒவ்வொரு காயாக இலையில் வைக்கும்போது அது தன் கையால் வைத்த செடி என்று சொல்லிச் சொல்லி வைத்தாள். கொளஞ்சியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டாள். மோர் ஊற்றுகிற வரைக்கும் ஒன்றும் குறையில்லாமல்தான் போனது.

"எங்க வீட்ல தலைப்பொங்கலுக்கு ஏழு காய் போட்டுக் கொழம்பு வெக்கறது வழக்கம், சம்மந்தி. பொண்ணு வீட்டு சீரோட அந்தக் காயும் வந்துடணும்" என்றாள் தெய்வநாயகி. "உங்க பக்கம் உப்ப விட்டா இன்னா வெளையும், பாவம். மார்க்கெட்ல வாங்கிக்கினு வந்துடுங்க, போதும்."

அந்தப் 'பாவம்' இல்லாமல் இருந்திருந்தால் கொளஞ்சியம்மாள் மோரைக் குடித்துவிட்டு எழுந்திருப்பாள். பாவம் என்று அவளை இதுவரை யாரும் சொன்னதில்லை, சொல்லவிட்டதும் இல்லை.

"ஏழு காயும் என் தோட்டத்துலேர்ந்து வரும், சம்மந்தி. கடைக்காய் ஒண்ணுகூட இருக்காது."

அவள் குரல்தான் தெரியுமே. பந்தியில் இருந்த நாற்பது பேருக்கும் கேட்டது, வெளியே வாழை இலை பொறுக்கிய ஆட்டுக்கும் கேட்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் காசிலிங்கத்துக்கு மோர் புரையேறிவிட்டது. ஏறாமல் என்ன செய்யும்? கொளஞ்சியம்மாளுக்குத் தோட்டம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் கொல்லை இருந்தது, அது வாஸ்தவம். ஆனால் முந்தின மார்கழியில் சுனாமி வந்தபோது ஓடை வழியாக ஏறிய கடல் அந்தக் கொல்லையில் முழங்காலளவு நின்றது. அவர்கள் தெருவில் ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சாமி புண்ணியம். இரண்டு நாளில் தண்ணீர் வடிந்தது. வடிந்தது தண்ணீர்தான், உப்பு அப்படியே தங்கிவிட்டது. இருந்த ஒற்றை முருங்கையும் பட்டுப்போய் விறகானது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் காசிலிங்கம் மெதுவாக ஆரம்பித்தான். பொங்கலுக்கு முந்தின நாள் திண்டிவனம் போய் ஏழு காயும் வாங்கி, கொஞ்சம் மண்ணைப் பூசிக் கொண்டுபோனால் யாருக்குத் தெரியப்போகிறது என்றான். கொளஞ்சியம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தனக்கு ஒன்றுமில்லை, தான் மரக்காணத்தில் இருக்கப்போகிறவள். அமுதவல்லிதான் அந்த வீட்டில் அடுப்பு மூட்டப்போகிறாள். "உங்கம்மா அன்னிக்கு நாப்பது பேர் எதிர்ல சொன்னாங்களே" என்ற ஒரு பேச்சு, குழம்பு கொதிக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் காதில் விழும். வாக்குக் கொடுத்தது அம்மா, வட்டி கட்டப்போவது மகள்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். கொளஞ்சியம்மாளும் தேடித்தான் விதைத்தாள். காலையில் உப்பளம், மதியத்துக்கு மேல் கொல்லை. பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் ஆடு வளர்க்கிறவள். கூடை கூடையாகப் புழுக்கை கொடுத்தாள். இவள் கொல்லையைக் கொத்தி, சமப்படுத்தி, கயிறு பிடித்த மாதிரி நாலு பக்கமும் வரப்புப் போட்டாள். அப்புறம் என்ன செய்தாள் தெரியுமா? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாத்தியின் தரையை மூலைக்கு மூலை கெட்டியாக மிதித்தாள். இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு தை மாதமும் உப்பளத்தில் செய்கிற வேலை அது. தண்ணீர் கீழே இறங்கிவிடக்கூடாது என்பதற்காக மிதிப்பது. கால் தன் பாட்டுக்கு மிதித்தது, அவளும் விட்டுவிட்டாள். மிதித்த மண்ணில் துளை போட்டு விதையை ஊன்றி, கணுக்கால் அளவு தண்ணீர் கட்டி, ஒரு சொட்டு வெளியே போகாமல் மடையை அடைத்தாள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

ஆடி வெயில் சும்மா இருக்குமா? ஒன்பதாவது நாள் காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் பாத்தி முழுக்க வெள்ளை வெளேரென்று உப்பு பூத்திருந்தது. ஒரு முளை இல்லை. உப்பென்றால் நல்ல உப்பு, கையில் எடுத்தால் கண்ணாடித் துகள் போல் மினுங்கியது. கத்தரிக்காய் போட்டவள் உப்பு அறுவடை செய்தாள்.

அந்தோணியம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் முகத்தைத் துளிகூட மாற்றாமல், "ஏ கொளஞ்சி, கொழம்புக்கு உப்பு தீந்துபோச்சு. ஒரு கொத்து பறிச்சிக் குடேன்" என்றாள்.

காசிலிங்கம் மனைவிக்கு முன்னால் சிரிக்கவில்லை. அவன் விவரமானவன். வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருப்பக்கம் போய்ச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். கொளஞ்சியம்மாள் வரப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். வைகாசி போய், ஆனி போய், ஆடியும் போகிறது. விதை எல்லாம் பாழ்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் அந்த அருகம்புல்லைப் பார்த்தாள். பாத்தித் தரையில் உப்பு. வரப்பின் உச்சியிலும் வெள்ளைக் கோடு இழுத்தாற்போல் உப்பு. ஆனால் வரப்பின் சரிவில், நடு இடுப்பு மாதிரி இருக்கிற இடத்தில், நாலைந்து அருகம்புல் பச்சையாக நின்றது. புல்லைப் பிடுங்கி, வேரோடு இருந்த மண்ணை நாக்கில் வைத்தாள். கரிப்பு கம்மி.

அவளுக்குப் புத்தி வந்து சேர்ந்த நேரம் அது. தண்ணீர் எங்கே கடைசியாகக் காய்கிறதோ அங்கேதான் உப்பு உட்காரும். இது உப்பளத்தில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உச்சியில் காய்கிறது, உச்சியில் உட்காருகிறது. தேங்கிக் காய்கிறது, தரையில் உட்காருகிறது. சரிவில் அதற்கு உட்கார இடமில்லை. இத்தனை வருஷம் உப்பை எப்படி வரவைப்பது என்று தெரிந்தவளுக்கு, அதை எப்படி அனுப்புவது என்று தெரியாதா? செய்ததையெல்லாம் தலைகீழாகச் செய்தால் தீர்ந்தது.

மிதித்த தரையை மறுபடி கொத்திப் புரட்டினாள். பாத்தியை அழித்துவிட்டு, முழங்கால் உயரத்துக்கு நீள நீளமாகக் கரை போட்டாள். ஓடைப் பக்கம் தாழ்வாக இருந்த மூலையில் மடையைத் திறந்துவிட்டாள். இதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. உப்பளத்தில் மடை திறந்து கிடந்தால் அது வேலைக்காரிக்கு அவமானம். ஆவணியில் நல்ல மழை நாலைந்து விழுந்தது. ஒவ்வொரு மழைக்கும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மடைக்கு ஓடி, வெளியே போகிற தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முதல் மழைத் தண்ணீர் கடல் மாதிரியே கரித்தது. இரண்டாவது மழையிலும் கரிப்புதான். மூன்றாவதில் கொஞ்சம் மட்டுப்பட்டது. நாலாவது மழையன்று நாக்கில் வைத்தவள், இன்னொரு தரம் வைத்தாள், அப்புறம் உள்ளங்கையில் ஏந்திக் குடித்தே பார்த்தாள். சப்பென்று இருந்தது. அந்தத் தண்ணீர் தந்த சந்தோஷத்தை அவளுக்குப் பாயசம்கூடத் தந்ததில்லை. மழையில் நின்றுகொண்டே காசிலிங்கத்தைக் கூப்பிட்டாள். தெரு முழுக்க வந்துவிட்டது.

பரங்கி, கத்தரி, அவரை, மொச்சை, கொத்தவரை, காராமணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. ஏழையும் கரையின் சரிவில் வைத்தாள். ஓரமாகச் சும்மா இருக்கட்டும் என்று இரண்டு பப்பாளி. கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு, அதனால் தெருக்குழாயில் பிடித்த தண்ணீரைத்தான் கொடுத்தாள். அரிசி கழுவின தண்ணீர், பாத்திரம் அலம்பின தண்ணீர், எதுவும் வீணாகவில்லை. காசிலிங்கம் குளிப்பதற்குக்கூட கத்தரிச் செடிக்குப் பக்கத்தில் ஒரு கல் போட்டுவிட்டாள். சோப்பு போடாமல் குளிக்கும்படி உத்தரவு. ஒரு மாதம் அந்த மனிதன் சீயக்காய் வாசனையோடு உப்பளத்துக்குப் போனான்.

முளை வந்தது. கொடி ஓடியது. முதலில் கொத்தவரைதான் காய்த்தது. ஒரு கை அளவு பறித்து, தேங்காய் போட்டுப் பொரியல் செய்தாள். ஆளுக்கு இரண்டு வாய்கூட இல்லை. காசிலிங்கம் சாப்பிட்டுவிட்டு வடச்சட்டியை எடுத்து, அதிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்றான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் சமையலை அவன் புகழ்ந்தது அதுவே முதல் தடவை.

ஐப்பசியும் கார்த்திகையும் வந்தன. அந்த வருஷத்து மழையை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். கொட்டோ கொட்டென்று கொட்டியது. உப்பளம் கடலாகக் கிடந்தது, வேலை நின்றுபோனது. கொளஞ்சியம்மாளின் கொல்லையில் கரைகளுக்கு நடுவே தண்ணீர் ஓடியது, மடை வழியாக வெளியே போனது, செடிகள் கரைமேல் கோழி மாதிரி உட்கார்ந்திருந்தன. பரங்கிக் கொடியைக் கூரைமேல் ஏற்றிவிட்டாள். மொச்சைக்கு முட்டுக் கொடுத்தாள்.

மார்கழி பிறந்ததும் புதுத் தொல்லை. தெருவில் கோலத்துக்கு நடுவே சாணி உருண்டையில் வைக்கப் பரங்கிப் பூ வேண்டும்; பூ இருக்கிற கூரை ஊரிலேயே இவளுடையது ஒன்றுதான். விடிவதற்கு முன்னால் வாசலில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். இல்லை என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அடியில் பிஞ்சுக் குண்டு இல்லாத, காய் பிடிக்காத ஆண் பூவாகப் பார்த்துப் பார்த்துப் பறித்துக் கொடுத்தாள். குண்டு இருக்கிற பூவின் பக்கம் யார் கையாவது நீண்டால் குரல் எழும்பியது. அந்த மார்கழியில் தெரு முழுவதும் வாசலுக்கு வாசல் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு அந்தோணியம்மாள் வீட்டுக்கு அவரைக்காயும் ஒரு கூடை கத்தரிக்காயும் போயின. உப்புக் கேட்டவளுக்கு அவரைக்காய் கிடைத்தது. அந்த அம்மாள் பதிலுக்கு ஒரு தூக்கு நிறையக் கறிக்குழம்பு கொடுத்தனுப்பினாள்.

போகிக்கு முந்தின நாள், கடைசியாகக் கிழங்கைத் தோண்ட உட்கார்ந்தாள். சர்க்கரைவள்ளிக் கொடி அவ்வளவு பச்சை, இலை ஒன்றொன்றும் உள்ளங்கை அகலம். மடை மூலைக்குப் பக்கத்தில் இருந்த கரை அது. மண்வெட்டியைப் போட்டாள். மண் சேறாக வந்தது. கையை விட்டால் கிழங்கு விரலில் கூழாகப் பிசைந்தது. அடுத்த செடியிலும் அப்படித்தான். கரை முழுக்கத் தோண்டியும் சுண்டுவிரல் பருமனில் நாலு வேர்தான் மிச்சம். மேலே சிரித்துக்கொண்டிருந்த செடி கீழே எப்போதோ அழுகிப்போயிருந்தது.

கொளஞ்சியம்மாள் சேற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாத உழைப்பு, ஆறு காய். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். காசிலிங்கம் பக்கத்தில் வந்து நின்றான். மண்வெட்டியைக் கழுவி வைத்தான்.

"ஆறுதான்யா. போய் ஆறுன்னு சொல்லிடறேன்" என்றாள் அவள்.

மறுநாள் போகி. அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, புதுப்புடவை எல்லாம் ஒரு பக்கம். காய் ஒரு சாக்கில். சாக்கைத் தூக்கிக்கொண்டு காசிலிங்கம் முன்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டான். கீழ்புத்துப்பட்டு தாண்டி, பெரிய முதலியார்சாவடியில் இறங்கினார்கள். மாப்பிள்ளை ஆட்டோவோடு காத்திருந்தான். வழியெல்லாம் கொளஞ்சியம்மாள் வாயைத் திறக்கவில்லை. அத்தைக்கு உடம்பு சரியில்லையோ என்று மாப்பிள்ளைக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வீட்டில் கூடத்தில் பாய் விரித்து, பங்காளி வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சீர் பார்க்கும் சாக்கில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மறுவீட்டுப் பந்தியில் கொடுத்த வாக்கு யாருக்கும் மறக்கவில்லை. தெய்வநாயகி தானே சாக்கின் வாயைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பரங்கி வந்தது, கத்தரி வந்தது. அவரை, மொச்சை, கொத்தவரை, காராமணி. அமுதவல்லி கதவுக்குப் பக்கத்தில் நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு காய் ஆனதும் கொளஞ்சியம்மாள் சொல்ல வந்ததைச் சொல்லத் தொண்டையைச் செருமினாள்.

அதற்குள் தெய்வநாயகியின் கை சாக்குக்குள் மறுபடி போனது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு வெளியே வந்தது. ஒன்றில்லை, எட்டு. ஒவ்வொன்றும் முழங்கை நீளம், செக்கச்செவேல்.

கூடத்தில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். ஏழு. அமுதவல்லியின் முகம் மலர்ந்துவிட்டது. தெய்வநாயகி ஒரு கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உப்பு மண்ணில் இப்படி ஒரு கிழங்கைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்று மனசாரச் சொன்னாள். கொளஞ்சியம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் மேலே சுற்றாமல் நின்ற மின்விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சும்மா இருந்திருக்கலாம். வாக்கும் நின்றது, மகள் முகமும் மலர்ந்தது, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த எட்டுக் கிழங்குக்குப் பக்கத்தில் அவள் கத்தரிக்காய் இருந்தது. மழையில் நனைந்து, நாக்கில் மண்ணைச் சுவைத்து அவள் வளர்த்த காய். கடைக்கிழங்கு பொய் என்றால் அந்த ஆறும் பொய்யாகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. அதை அவளால் தாங்க முடியாது.

"அது என்னுது இல்ல, சம்மந்தி" என்றாள். குரல் வழக்கத்துக்கு விரோதமாகச் சன்னமாக வந்தது. "கடைக்காய். என் மானத்தக் காப்பாத்தறேன்னு இவரு வாங்கிப் போட்டுக்கினு வந்துட்டாரு. என் கெழங்கு மழைல அழுகிப்போச்சு. ஆறுதான் என்னுது. ஏழுன்னு சொன்னேன், என்னால முடியல."

அமுதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். பங்காளிப் பெண்கள் தெய்வநாயகியைப் பார்த்தார்கள். இப்போது என்ன சொல்லப்போகிறாளோ, அதை நாளைக்கு ஊரில் சொல்லவேண்டுமே.

தெய்வநாயகி கிழங்கைக் கீழே வைத்தாள். ஒரு அவரைக்காயை எடுத்து நடுவில் ஒடித்தாள். படக்கென்று ஒடிந்தது. ஒரு கொத்தவரையைப் பச்சையாகவே கடித்து மென்றாள்.

"இந்த ஆறும் அந்த மண்லதான் வந்துச்சா?"

"ஆமா."

"இந்த மழையில என் அவரைப் பந்தலே வெறுங்கொடியா நிக்குது. மொச்ச வேரோட போச்சு" என்றாள் தெய்வநாயகி. "செம்மண்ண வெச்சிக்கினு நான் கோட்ட விட்டத, நீங்க உப்பு மண்ணுல எடுத்திருக்கீங்க."

சொல்லிவிட்டு எழுந்து, மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் புடவை முந்தானையில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தாள். செம்மண் ஒட்டிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அவ்வளவு பெரிதுகூட இல்லை. அதை ஆறு காய்க்குப் பக்கத்தில் கொட்டினாள்.

"ஆறு உன்னுது, ஒண்ணு என்னுது. ஏழாச்சா? கடைக்காய் ஒண்ணும் இல்ல பாரு."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று கூடத்தில் யாரும் கவனிக்கவில்லை. கொளஞ்சியம்மாள் கவனித்தாள். சம்பந்தியின் மண் படிந்த கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அமுதவல்லி ஓடிவந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து அரிவாள்மனையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பரங்கியை முதலில் யார் நறுக்குவது என்று அங்கே ஒரு செல்லச் சண்டை ஆரம்பமாயிற்று.

அன்று ஊருக்குத் திரும்ப விடவில்லை. மறுநாள் பொங்கல் பொங்கியது, ஏழு காய்க் குழம்பு அண்டாவில் கொதித்தது, பங்காளி வீடுகளுக்கெல்லாம் தூக்கில் போனது. கடையில் வாங்கின எட்டுக் கிழங்கையும் தெய்வநாயகி தனியாக அவித்தாள். அவித்து, ஒரு தட்டில் அடுக்கி, காசிலிங்கத்தின் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். எட்டையும் அவன் தின்று முடிக்கும்வரை இரண்டு சம்பந்திகளும் எழுந்திருக்கவில்லை.